கவனம் இல்லையா, சிக்கிக்கொண்டதா?

(நம் குடியிருப்புக் கூடத்தில் பெற்றோருக்கும் மாணவர்களுக்குமாக நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

படிப்புக்கு நடுவே கீழே இறங்கி வந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு நன்றி.

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. "பையனுக்குக் கவனமே இல்லைங்க. புத்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டு ஒரு மணி நேரமா அதே பக்கத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கான்." உடனே அடுத்த வரி: "எல்லாம் அந்தச் செல்போனாலதானுங்க." பல பிள்ளைகள் விஷயத்தில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் சிலருக்குக் கவனம் சிதறிப் போயிருக்காது. ஒரே இடத்தில் சிக்கி நின்றிருக்கும். 'கெமிஸ்ட்ரி போச்சு, அப்பா முகத்தில் எப்படி முழிப்பேன், நான் எதற்கும் லாயக்கில்லை' என்று அதே நான்கு வரி மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பையனைப் பார்த்துக் "கவனமாப் படி கண்ணு" என்றால், சேற்றில் மாட்டிய வண்டியிடம் வேகமாகப் போ என்று சொல்வதுபோலத்தான்.

மனச்சோர்வு என்பது ஒரு நாள் வருத்தம் அல்ல. இரண்டு வாரமோ அதற்கு மேலோ, நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடப்பது. பிடித்த விஷயத்தில்கூட ஆசை விட்டுப்போவது. தூக்கமும் பசியும் மாறுவது. வளரும் பிள்ளைகளிடம் இது அழுகையாக வராமல் எரிச்சலாகவும் வரும். கவனம் குறைவதும் மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிகளில் ஒன்று. அதாவது, நாம் குற்றமாகச் சொல்வது அங்கே நோயின் அடையாளமாக இருக்கலாம்.

மாடு அசைபோடுவதை நாம் பார்த்திருக்கிறோம். அது செரிப்பதற்காக. மனம் பழைய தோல்வியை அசைபோடும்போது எதுவும் செரிப்பதில்லை. மனச்சோர்வில் இருப்பவரின் கவனம் ஒரு சோகமான சொல்லிலோ முகத்திலோ பதிந்துவிட்டால், அங்கிருந்து அதைப் பிடுங்கி எடுப்பது கடினம். பல ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன. அப்படியானால் பிடுங்கி எடுக்கும் திறனையே பழக்கிவிட முடியுமா? கவனப் பயிற்சி என்பது இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

ஒரு வகை, கணினித் திரையில் செய்வது. இதன் மூலம், 1986-ல் காலின் மெக்லியோடும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட ஒரு சோதனை. திரையில் சற்று நேரம் இரண்டு முகங்கள் தோன்றும். ஒன்று சோகமானது, ஒன்று சாதாரணமானது. இரண்டும் மறைந்ததும் ஒன்று இருந்த இடத்தில் ஒரு புள்ளி வரும். கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். பயிற்சியாகத் தரும்போது புள்ளி பெரும்பாலும் சோகமில்லாத பக்கமே வரும். கண்ணும் மெல்ல அந்தப் பக்கம் போகப் பழகும் என்பது எதிர்பார்ப்பு. வெல்ஸ், பீவர்ஸ் என்ற இருவர் அமெரிக்காவில் லேசான, நடுத்தர அளவு மனச்சோர்வு உள்ள 34 பேரிடம் இதைச் செய்து பார்த்து 2010-ல் வெளியிட்டார்கள். இரண்டு வாரத்தில் நான்கே அமர்வு. பயிற்சி பெற்றவர்களின் சோர்வு மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 34 பேர் என்பது நம் ஒரு பிளாக்கில் இருப்பவர்களைவிடக் குறைவு. பின்னால் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களுக்குப் பலன் சிறியதாகவே தெரிந்தது. "இந்த ஆப் போட்டால் டிப்ரஷன் போய்விடும்" என்று விளம்பரம் வந்தால் பர்ஸைத் திறக்காதீர்கள்.

இன்னொரு வகை எனக்குப் பிடித்தது. இங்கிலாந்தின் ஏட்ரியன் வெல்ஸ் 1990-ல் விவரித்தது. இதற்குத் திரை வேண்டாம், காது போதும். ஏறக்குறைய 12 நிமிடம். கண்ணைத் திறந்து சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி உட்காருங்கள். முதல் 5 நிமிடம் ஒவ்வொரு ஓசையாகத் தனித்தனியே கேட்க வேண்டும்: மின்விசிறி, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், லிப்ட் கதவு, அவிநாசி ரோட்டு இரைச்சல், பீளமேட்டில் இறங்கும் விமானம். அடுத்த 5 நிமிடம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று தாவ வேண்டும். கடைசி 2 நிமிடம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். நடுவில் கெமிஸ்ட்ரி நினைப்பு வந்தால் விரட்ட வேண்டாம். அதுவும் இன்னொரு ஓசை என்று விட்டுவிட்டுக் குக்கருக்குத் திரும்பலாம். ஓய்வெடுக்கவோ, வேதனையிலிருந்து தப்பிக்கவோ செய்வதல்ல இது. நினைப்பு வந்தாலும் அதன் பின்னால் போகாமல் இருக்க முடியும் என்று பழகுவதுதான் நோக்கம். இதற்கும் ஆதாரம் இன்னும் பெரிதாகச் சேரவில்லை. ஆனால் செலவில்லை.

"அதற்குத்தான் ஆழியாறு இருக்கே, தியானத்துக்கு அனுப்பினால் போதாதா?" என்று வெங்கட்ராமன் மாதிரிப் பெரியவர்கள் யாராவது கேட்கக்கூடும், கொங்கு நாட்டில் மனவளக்கலை தெரியாத தெரு இல்லை. நல்ல பழக்கம், மறுக்கவில்லை. ஆனால் சோர்வில் ஆழ்ந்திருக்கும் பிள்ளையைக் கண்ணை மூடித் தனியே உட்காரச் சொன்னால் அசைபோடுதல் கூடவும் செய்யலாம். மேலைநாட்டில் மனச்சோர்வுக்கென்று தியானத்தை ஒட்டி உருவாக்கிய சிகிச்சையே, முதலில் நோயிலிருந்து தேறியவர்களுக்கு அது திரும்ப வராமல் இருக்கத்தான் சோதிக்கப்பட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வகுப்பிலேயே கற்றுக்கொடுத்தால் என்ன என்று பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் பார்த்தார்கள். 2022-ல் முடிவு வந்தது: வழக்கமான பாடத்தைவிட மேலான பலன் இல்லை.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் திட்டாமல் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. பேச்சு சிகிச்சைக்கும், தேவைப்பட்டால் மாத்திரைக்கும் ஆதாரம் வலுவாக இருக்கிறது. காதுப் பயிற்சி அதற்குத் துணையாக வரலாம், மாற்றாக அல்ல. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கும் கல்வி நிறுவனம் தகுதியுள்ள ஒரு கவுன்சிலரையாவது வைக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் ஷீட்டை வாங்கும்போது, "உங்கள் கவுன்சிலர் யார்?" என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.

பிள்ளை "நான் இல்லாமல் இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி" என்பதுபோல் பேசினால் வார்த்தையை விழுங்காமல் நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா சாமி?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. அன்றிரவு பிள்ளையைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண் 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. எந்த நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். லிப்ட் பக்கத்தில் ஒட்ட அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். செயலாளரிடம் கொடுத்துவிடுகிறேன்.

இனி நீங்கள் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்கத் தயங்கும் பிள்ளைகள் ஒரு துண்டுச் சீட்டில் பெயர் போடாமல் எழுதித் தந்தாலும் சரி.