படகுத் தொழிலும் கப்பல் இயந்திரத் தொழிலும் பழகுதல்: பெற்றோர் ஆராய வேண்டுவன

(ராயப்பன்பட்டிக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்க்கான பிரசங்கம்)



கம்பம் பள்ளத்தாக்கில் கடல் இல்லை. முல்லைப் பெரியாற்று நீர் பாயும் நஞ்சையும், சண்முகா நதியை அடுத்த திராட்சைப் பந்தல்களுமே இப்பகுதியின் செல்வம். ஆயினும் ஒரு குடும்பத்தில் மூன்று பிள்ளைகள் இருப்பின் மூவர்க்கும் பங்கிட்டுக் கொடுக்க நிலம் போதாது. ஒருவனாவது வெளியூர் சென்று கைத்தொழில் கற்றுப் பிழைக்க வேண்டியதாகிறது. அவ்வாறு செல்வோர்க்குப் படகு கட்டுந் தொழிலும் கப்பல் இயந்திரத் தொழிலும் தகுந்தவையே. ஆனால் கடலைக் கண்டறியாத ஊரில் இத்தொழில்களைப் பற்றிச் சொல்லுகிறவன் சொல்லே வேதமாகிவிடுகிறது. ஆழம் தெரியாமல் காலை விடுகிற குடும்பம் பிள்ளையின் காலத்தையும் நிலத்தின் பத்திரத்தையும் சேர்த்தே இழக்கிறது.

படகு கட்டுவதில் நேரும் பிழை எத்தகையது என்பதை இப்பகுதியார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. மலைக்கு மேலே தேக்கடி ஏரியில் 2009ஆம் வருஷம் செப்டம்பர் 30ஆம் தேதி ‘ஜலகன்யகா’ என்னும் இரண்டு தட்டுப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். படகின் அமைப்பைப் பற்றியும், அதில் ஏற்றப்பட்ட ஜனங்களின் தொகையைப் பற்றியும் பின்னர் நடந்த விசாரணைகளில் கேள்விகள் எழுந்தன. வண்டியின் அச்சு முறிந்தால் வண்டி நின்றுவிடும். படகு தவறினால் அதில் உள்ளவர் மீள்வது அரிது. ஆகையால் இத்தொழிலை எங்கே, யாரிடம் கற்பது என்பது கூலியை மட்டும் பொறுத்த விஷயமன்று.

இரண்டு தொழில்கள்

படகு கட்டுந் தொழில் கரையில் நடப்பது. தூத்துக்குடித் தோணிகளைப் போல மரத்தால் கட்டுவது ஒன்று. இரும்புத் தகடுகளைப் பற்றவைத்துக் கப்பல் கட்டுவது ஒன்று. கண்ணாடி இழையையும் ரெசினையும் கொண்டு அச்சில் வார்ப்பது ஒன்று. கடைசியில் சொன்னதையே மீனவர் பைபர் படகு என்கின்றனர்.

கப்பல் இயந்திரத் தொழிலோ பெரும்பாலும் கடலில் நடப்பது. எஞ்சின், பம்பு, மின்சார யந்திரம், குழாய்கள் ஆகியவற்றை இரவு பகல் காவல் முறைப்படி ஓட்டிப் பழுது பார்ப்பது இதன் வேலை. மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்க இசைபவனே இதற்கு ஏற்றவன். பிள்ளை எதை விரும்புகிறான் என்பதை முதலிலே அவனிடமே கேட்டறிதல் வேண்டும்.

பணம் எத்திசையில் செல்கிறது?

தொழில் பழகுதல் வேறு, பணங்கட்டிப் படித்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென்று நம்பச் செய்வதே ஏமாற்றுவோரின் முதல் தந்திரம்.

1961ஆம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி, தொழிற்சாலைக்கும் பழகுநனுக்கும் எழுத்து மூலமான ஒப்பந்தம் உண்டு. பிள்ளை மைனரானால் காப்பாளர் கையெழுத்திட வேண்டும். அவ்வொப்பந்தம் சர்க்காரிடம் பதிவாக வேண்டும். பழகும் காலத்தில் முதலாளியே பிள்ளைக்கு மாத உதவித்தொகை கொடுக்க வேண்டும். 2019இல் திருத்தப்பட்ட விதிகள், கல்வித் தகுதிக்குத் தக்கபடி மாதம் 5,000 ரூபாய் முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்சத் தொகையாக வகுத்தன. இத்தொகை காலத்துக்கேற்பத் திருத்தப்படுவதாகையால், கையெழுத்திடும் நாளில் அமலிலுள்ள தொகையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலையிலே காயம் நேரின் ஈடு செலுத்தும் பொறுப்பும் முதலாளியுடையதே.

ஆகவே அளவுகோல் எளியது. பழகுநர் பயிற்சியில் பணம் தொழிற்சாலையிலிருந்து பிள்ளைக்கு வரும். ‘அப்ரண்டிஸ் இடம் வாங்கித் தருகிறேன், ஒன்றரை லட்சம் கொடுங்கள்’ என்று ஒருவன் சொன்னால், அவன் விற்பது அப்ரண்டிஸ் இடம் அன்று.

சட்டம் தராத ஒன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் முதலாளிக்கு இல்லை. ஒவ்வொரு ஸ்தாபனமும் தான் வகுத்துக்கொண்ட முறைப்படியே ஆளெடுக்கும். மேலும் பழகுநன் ஒப்பந்தத்தை நிறைவேற்றாமல் நடுவில் விட்டால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்க இடமுண்டு. முதலாளி தவறினால் அவர் பழகுநனுக்கு நஷ்டஈடு தரவேண்டும். இரு தரப்புக்கும் கடமை உண்டென்பதைப் பிள்ளைக்குச் சொல்லியே அனுப்புக.

எங்கே தேடுவது?

பத்தாம் வகுப்புத் தேறியவனுக்கு நேர்வழி, அருகிலுள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையம். பிட்டர், எலெக்ட்ரீஷியன் ஆகியவை 2 வருஷம். வெல்டர், டீசல் மெக்கானிக் ஆகியவை 1 வருஷம். கப்பல் கட்டுந் தளங்கள் பெரும்பாலும் கேட்பது இத்தேர்ச்சிகளையே. கடல் காணாத ஊரிலிருந்து கப்பல் தளத்துக்குச் செல்லும் பாதை இவ்வாறு வீட்டுக்கு அண்மையிலேயே தொடங்குகிறது.

அதன்பின் பெருந்தளங்களின் விளம்பரங்களைக் கவனிக்கலாம். மும்பை மஸகான் கப்பல் தளத்தின் பழகுநர் பள்ளி, எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, தொழிற்பயிற்சித் தேர்ச்சி என மூன்று பிரிவுகளில் பரீட்சை வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கிறது. விசாகப்பட்டினத்தில் கடற்படைத் தளத்தின் பழகுநர் பள்ளி உண்டு. 1941இல் அஸ்திவாரம் இடப்பட்டு, 1948இல் ‘ஜல உஷா’ கப்பலை நீரில் இறக்கிய ஹிந்துஸ்தான் கப்பல் தளமும் அவ்வூரிலேயே இருக்கிறது. குமுளி வழியாக மலையேறி இறங்கினால் கொச்சி. 2022இல் கடற்படையில் சேர்ந்த ‘விக்ராந்த்’ விமானந்தாங்கிக் கப்பலைக் கட்டிய தளம் அங்கே உள்ளது. ஆயினும் அண்மையிலுள்ள இடமே எளிதில் கிடைக்கும் இடம் என்று எண்ணலாகாது. சில விளம்பரங்கள் அந்தந்த மாநிலத்தவர்க்கே என்று வரையறுப்பதுண்டு. விளம்பரத்தின் தகுதிப் பகுதியைக் கடைசி வரி மட்டும் படித்த பின்பே விண்ணப்பக் கட்டணம் செலுத்துக.

மீன்பிடி கப்பல் எஞ்சின் வேலையை விரும்புவோர்க்கு, 1963இல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்வள கடல்சார் பொறியியல் பயிற்சி நிலையம் உண்டு. அதன் கிளை சென்னை இராயபுரத்தில் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறியவர்க்கு ‘மெரைன் பிட்டர்’ என்னும் 2 வருஷப் பயிற்சியை அது அளிக்கிறது.

வியாபாரக் கப்பல்களில் சேரும் வழி வேறு. இயந்திரப் பொறியியல் பட்டதாரிக்கு 1 வருஷப் பயிற்சியும், பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவனுக்கு 4 வருஷப் பட்டமும் உண்டு. 2008இல் ஏற்பட்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் சென்னையே. இவை பணங்கட்டிப் படிக்கும் படிப்புகள். பள்ளி கப்பல் துறைத் தலைமை இயக்குநரின் அங்கீகாரம் பெற்றதா, படிப்பு முடிந்தபின் கப்பலில் பழக இடம் தருவதாக எந்தக் கம்பெனி எழுத்தில் ஒப்புகிறது என்னும் இரண்டையும் அறியாமல் ஒரு ரூபாயும் கட்டலாகாது. கரையில் பெற்ற சான்றிதழ் கையிலிருந்தும் கப்பலில் இடமின்றிக் காத்திருப்பவர் பலர். கப்பல் வேலைக்கு ஆள் சேர்ப்பவர் மாலுமியிடம் தரகு வாங்கலாகாது என்பது 2006ஆம் வருஷத்துச் சர்வதேசக் கடல்தொழிலாளர் உடன்படிக்கையின் விதி. இந்தியா அதை 2015இல் ஏற்றிருக்கிறது.

பட்டறையை நேரில் காண்க

சிறு படகுப் பட்டறையில் பிள்ளையை விடுவதானால் தகப்பனார் ஒரு நாள் செலவிட்டு நேரில் பார்த்து வருதல் நலம். முதலில் தராசு இருக்கிறதா என்று பார்க்க. பைபர் படகு வேலையில் ரெசினுடன் கலக்கும் ஊக்கி மருந்து மிகுந்தால் பூச்சு சூடேறி வெடிக்கும், குறைந்தால் இறுகாது. அடுக்குகளுக்கிடையே காற்றுக் குமிழி தங்கினால் அவ்விடம் பலவீனப்படும். நிறுத்துக் கலக்கும் பட்டறையில் தொழில் கற்கலாம். கண்ணளவில் ஊற்றும் பட்டறையில் கெட்ட பழக்கமே கற்கலாம். 2004ஆம் வருஷத்துச் சுனாமிக்குப் பின் அவசர அவசரமாகப் படகுகள் கட்டப்பட்டபோது, தரங்குறைந்த படகுகளைப் பற்றி ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை ஸ்தாபனமே எச்சரிக்க நேர்ந்தது.

அடுத்து, பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க. ரெசின் ஆவியும் கண்ணாடித் தூளும் நுரையீரலுக்குத் தீங்கானவை. முகமூடியும் கையுறையும் தராத இடத்தில் எவ்வளவு உதவித்தொகை கிடைத்தாலும் அது நஷ்டமே. இரும்புக் கப்பலின் தொட்டிக்குள் இறங்கிப் பற்றவைக்கும் வேலையானால், காற்றுச் செலுத்தும் ஏற்பாடும், வெளியே ஒரு காவலாளும் உண்டா என்று கேட்க.

பின்னர், சென்ற வருஷம் பழகிய இருவரைத் தனியே கண்டு மூன்று கேள்விகள் கேட்க. எத்தனை மாதம் உப்புத்தாள் மட்டுமே தேய்த்தாய்? எஞ்சினை உன் கையால் பிரித்துப் பூட்டினாயா? இப்போது எங்கே வேலை செய்கிறாய்? அலுவலகத்தில் தொங்கும் படங்களைவிட இவ்விடைகளுக்கு மதிப்பு அதிகம்.

கடன் வாங்குமுன் ஒரு கணக்கு

ஒரு குடியானவர் 100க்கு 12 வட்டியில் 3 லட்ச ரூபாய் வாங்கிப் பிள்ளையைப் படிக்க வைப்பதாகக் கொள்ளலாம். வட்டி மட்டுமே வருஷத்துக்கு 36,000; மாதத்துக்கு 3,000. படிப்பு 1 வருஷம், காத்திருப்பு 1 வருஷம் ஆனால் முதல் சம்பளத்துக்கு முன்னரே 72,000 ரூபாய் வட்டி ஏறிவிடும். பதிவான பழகுநர் இடத்தில் சேர்ந்த பிள்ளையோ, உதவித்தொகையில் உணவையும் தங்கலையும் ஓரளவு சமாளிப்பான். குறைவதை மட்டும் குடும்பம் அனுப்பினால் போதும்.

ஆகவே சங்கம் செய்யக்கூடிய உதவி ஒன்றுண்டு. இத்தகைய காரியத்துக்குக் கடன் கேட்டு வருவோரிடம் பஞ்சாயத்தார் மூன்று தஸ்தாவேஜுகளைக் கேட்கலாம்: விளம்பரத்தின் முழுப் பிரதி, ஒப்பந்தப் பதிவு அல்லது பள்ளியின் அங்கீகாரச் சான்று, கட்டணத்துக்கு ஸ்தாபனத்தின் பெயரிலேயே தரப்படும் ரசீது. தரகர் பெயரில் ரசீது வந்தால் மனுவைத் திருப்பிவிடலாம். வெளியூரில் பழகும் பிள்ளைகள் எழுதித் தெரிவிக்கும் விவரங்களையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துச் சங்க ஆபீசில் வைத்தால், அடுத்த வருஷம் கிளம்புகிறவனுக்கு அது பேருதவியாகும். முதலில் செல்பவன் பட்ட சிரமம் இரண்டாமவனுக்கு அறிவாகப் பயன்படுமாயின், அதுவே கூட்டுறவின் பலன்.