குருதிச் சோதனை மருந்தின் விலையும் நமது கடமையும்

(சங்கத்தின் வருசநாட்டுக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பாடஞ் சொல்லிப் பிழைக்கும் ஒருவன் மருத்துவப் பொருளைப் பற்றிப் பேச எழுவது சிலர்க்கு நகைப்பை விளைக்கும். ஆயினும் இப்பணியை யான் விரும்பித் தலைமேற் கொண்டேன் அல்லேன். சங்கப் பொதுநிதியில் எஞ்சியிருக்குந் தொகையைக் கொண்டு இரத்த வங்கிக்குச் சோதனை மருந்து வாங்கிக் கொடுப்பதா, அன்றித் திருமண மண்டபத்திற்கு முகப்பு எடுப்பதா என்று சென்ற கூட்டத்தில் வழக்கு எழுந்தபொழுது, முடிவு கூறுமுன் செய்தியை விசாரித்து வரும்படி என்னைப் பணித்தீர்கள். விசாரித்தேன். ஆய்வகத்தாரிடம் பலமுறை சென்று, அவர்கள் சலிக்குமளவும் வினாவினேன். யான் கண்டவற்றை மறையாது கூறுகின்றேன். அவற்றுட் சில முகப்பு வேண்டுவோர்க்கும் உவப்பாகா. மருந்து வாங்க வேண்டுவோர்க்கும் உவப்பாகா.

இப்பொருளில் எனக்கு ஏன் இத்துணை ஈடுபாடு என்பதை முதற்கண் சொல்லிவிடுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கை மகள் தலைப்பேற்றில் உதிரப்போக்கு மிகுந்து ஒரு மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டாள். அதன் பெயர் ஈண்டு வேண்டா. இரவு பத்து மணி. அவளுக்கு வேண்டிய வகை இரத்தம் குளிர்ப்பெட்டியில் இருந்தது. என் கண்ணாற் கண்டேன். ஆனால் ஆய்வகத்திலிருந்த இளைஞர், “ஐயா, இரத்தம் இருக்கிறது, அதைச் சோதிக்கும் கிட் தீர்ந்துவிட்டது. சோதியாத இரத்தத்தை யான் வெளியே கொடேன்” என்றார். யான் அவரைக் கடிந்துரைத்தேன். உயிர் போகும் வேளையில் சட்டம் பேசுகின்றாயோ என்று கேட்டேன். என் வாயினின்று அதினுங் கடிய சொற்களும் வந்தன. அவர் அசையவில்லை. வேறோர் ஊரிலிருந்து சோதித்த இரத்தம் விடியற்காலை நான்கு மணிக்கு வந்தது. பெண் பிழைத்தாள், பிள்ளையும் நலம். மருந்து தீர்ந்தமைக்குக் காரணம் பின்னரே தெரிந்தது. வழக்கமாக அனுப்பும் வியாபாரி, பழைய விலைக்கு இனித் தரவியலாது என்று சரக்கை நிறுத்திவிட்டாராம். இரண்டாவது வியாபாரி ஒருவரை எவரும் முன்னரே ஏற்பாடு செய்து வைக்கவில்லை.

அவ்விளைஞர் மறுத்தது எத்துணைச் சரி என்பதை 2018ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நாடெங்கும் உணர்ந்தது. சாத்தூரில் கருவுற்ற பெண்ணொருத்திக்கு ஏற்றிய இரத்தத்தின் வழியாக எச்.ஐ.வி. தொற்றிய செய்தி நீங்கள் அனைவரும் அறிந்ததே. அன்று யான் இளைஞரை ஏசிய சொற்கள் நினைவுக்கு வந்தன. தேடிச் சென்று மன்னிப்புக் கேட்கலாமென்றால் அவர் வேற்றூர்க்கு மாற்றலாகியிருந்தார்.

இனிப் பொருளுக்கு வருவோம். சோதனை மருந்தை ஆய்வகத்தார் ரீஏஜென்ட் என்பர். அஃது இருவகைப்படும். ஒன்று வகையறியும் மருந்து. மற்றொன்று நோயறியும் மருந்து.

மனிதர் குருதி எல்லாம் ஒன்றன்று என்பதை வியன்னா நகரத்துக் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901இல் வெளியிட்டார். அதற்காக அவர்க்கு 1930இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆர்.எச். என்னும் பாகுபாடு 1940இல் வந்தது. இவற்றைக் கண்டறிய நீல நிறச் சிறு குப்பியில் ஆன்டி-ஏ, மஞ்சள் நிறக் குப்பியில் ஆன்டி-பி, நிறமற்ற குப்பியில் ஆன்டி-டி என்பவற்றை வைத்திருப்பர். பள்ளி முகாம்களில் நம் பிள்ளைகளின் விரலிற் குத்திக் கண்ணாடித் தகட்டில் மூன்று துளி வைத்துப் பார்ப்பது இவற்றையே. முற்காலத்தில் இம்மருந்தை மனிதர் இரத்தத்தினின்றே பிரித்தெடுத்தனர். 1975இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்னும் இருவர், வேண்டிய ஒரே வகை எதிர்ப்பொருளை ஆய்வகத்திலேயே அளவின்றி வளர்க்கும் வழியைக் கண்டனர். அவர்கள் அதற்குத் தனியுரிமை பெறவில்லை என்பது குறிக்கத்தக்கது. பலர் செய்ய முடிந்தமையாற் பண்டம் பெருகிற்று. நம் நாட்டிலும் பல நிறுவனங்கள் செய்கின்றன. ஆகவே இவ்வகையில் விலைச்சுமை பெரிதன்று.

சுமையெல்லாம் இரண்டாம் வகையிலேயே இருக்கின்றது. எச்.ஐ.வி., மஞ்சட்காமாலை பி, மஞ்சட்காமாலை சி, மேகநோயாகிய சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு பையிலும் சோதித்தே தீரவேண்டும் என்பது சட்டம். நம் நாட்டில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையிலேதான். கூலிக்கு இரத்தம் விற்றல் உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பயனாக 1998 ஜனவரி முதல் நாளொடு ஒழிந்தது. அதன் பின்னர்க் கொடை ஒன்றே வழி. கொடையாளி பணம் பெறுவதில்லை. ஆயினும் அவன் கொடுத்த பை நோயாளியைச் சேருமுன் பணம் செலவாகின்றது. “இரத்தம் இனாமாகத்தானே வந்தது, கட்டணம் ஏன்?” என்று தனியார் வங்கியில் சண்டையிடுவோர் இதனை உணர்தல் வேண்டும்.

அக்கட்டணத்திற்கும் வரம்புண்டு. தேசிய இரத்தமேற்று மன்றம் சிவப்பணுப் பை ஒன்றுக்குத் தனியார் வங்கிகள் பெறத்தக்க உச்ச அளவாக 2014இல் 1,450 ரூபாயும், 2022இல் 1,550 ரூபாயும் விதித்தது. அரசு வங்கிக்கு 1,050 என்பது 1,100 ஆயிற்று. எட்டாண்டில் ஏற்றம் முறையே நூறும் ஐம்பதுமே. சோதனைப் பொருளின் நிலையோ வேறு. கிட் நம் நாட்டிற் செய்யப்பட்டதாயினும், அதனுள் அடங்கிய நுண்பொருள்கள் பல வெளிநாட்டினின்று வருவன. 2014இல் ஏறத்தாழ 60 ரூபாய்க்குக் கிடைத்த டாலர் 2024இல் 83 ரூபாயைக் கடந்தது. இவற்றுட் பல 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வரவேண்டியவை. வழியில் வெப்பமேறினால் குப்பைக்கே உரியவை. சோதனைக் கிட்களுக்கும் ரீஏஜென்ட்களுக்கும் இருந்த 12 விழுக்காட்டு வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைந்தது. வாங்குவோர் அக்குறைவு விலைப்பட்டியில் இறங்கியுள்ளதா என்று கேட்டுப் பெறுதல் வேண்டும். கேளாதவர்க்கு வியாபாரி தானே இறக்கித் தருவார் என்று நம்புதற்கில்லை.

விலையேற்றத்தினும் பெரிய பகை விரயம். எலிசா என்னும் சோதனைத் தட்டில் 96 குழிகள் உள. ஒவ்வொரு முறையும் சில குழிகளை ஒப்புநோக்குதற்கென்றே ஒதுக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு அவை ஐந்தென்று வைத்துக்கொள்வோம். அன்று ஐந்தே பைகள் வந்திருந்தால் பத்துக் குழி செலவாகிப் பாதி வீண். எண்பத்தைந்து பைகள் வந்திருந்தாலும் ஒதுக்குவது அதே ஐந்துதான். ஆதலின் சிறிய வங்கிக்கு ஒரு பையின் சோதனைச் செலவு பெரிய வங்கியினும் மிகுதியாகின்றது. ஊருக்கொரு வங்கி வேண்டும் என்று நம்மவர் சிலர் மனு எழுதுகின்றனர். யான் அதற்கு உடன்படேன். ஆண்டுக்கு 2,000 பைகளுக்குட்பட்டுச் செலவிடும் மருத்துவமனைகள், பெரிய வங்கியிற் சோதித்த இரத்தத்தைப் பெற்றுச் சேமித்து வைக்கும் நிலையம் நடத்த விதியில் இடமுண்டு. அங்கே நோயறியும் மருந்து வேண்டா. வகை பார்க்கவும் பொருத்தம் பார்க்கவும் வேண்டியவை போதும். மலையடிவாரத்து ஊர்களிலிருந்து கண்டமனூர் விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை நோயாளியைக் கொண்டு செல்லும் நம்மவர்க்கு, மனு எழுதுவதாயின் இத்தகைய நிலையம் வேண்டி எழுதுவதே தகும்.

மாற்றுவழி என்றவுடன் நாம் மலிவான கடையைத் தேடுகின்றோம். ஆய்வகத்தார் எனக்குக் காட்டிய முதல் மாற்றுவழி கடையே அன்று. வகையறிதலை இருபுறமும் சரிபார்க்கத் தெரிந்த ஏ, பி, ஓ அணுக்கள் வேண்டும். அவற்றை விலைக்கு வாங்குவாரும் உளர். ஆனால் வகை தெரிந்த கொடையாளர் மூவரின் இரத்தத்தைக் கலந்து, உப்புநீரில் மும்முறை கழுவி, அன்றன்று அங்கேயே செய்துகொள்ளலாம். கொடையாளர்க்கு இரத்தச் செறிவு 12.5 கிராம் உண்டா என்று பார்க்க விலையுயர்ந்த கருவியும் அதற்கென்று தனித் தகடும் உள. நம் சித்த மருத்துவர் மயில்துத்தம் என்று வழங்கும் செப்புச் சத்தை 1.053 என்னும் ஒப்படர்த்தி வரக் கரைத்து, ஒரு துளி இரத்தத்தை விட்டால், அது 15 விநாடிக்குள் மூழ்குமாயின் போதிய செறிவுண்டு; மிதந்தால் இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வகுத்த இம்முறை இன்றும் முகாம்களிற் பயன்படுகின்றது.

இன்னொன்று கேட்டு யான் வியந்தேன். நம் மானாவாரிக் காடுகளில் விளையும் கொள்ளு, நம் பாட்டிமார் காணம் என்றது, சோதனை மருந்தாம்! 1951இல் இந்தியாவிற் பணியாற்றிய பேர்டு என்னும் அறிஞர், கொள்ளின் சாறு ஏ வகை அணுக்களைத் திரளச் செய்வதைக் கண்டு வெளியிட்டார். தூளாக்கி உப்புநீரில் ஊறவைத்து வடித்துத் தக்க அளவு நீர்ப்பித்தால், ஏ1 என்னும் உட்பிரிவு மட்டும் திரளும், ஏ2 திரளாது. அவ்வாறே நீலகிரியில் களையாகப் பரவிக் கிடக்கும் மஞ்சட்பூ முட்செடி ஒன்றின் விதை, பம்பாய் வகை என்னும் அரிய குருதியை அறிய உதவுகின்றது. 1952இல் பம்பாயிற் கண்டறியப்பட்ட அவ்வகையார் மேற்போக்கான சோதனையில் ஓ வகையார் போலத் தோன்றுவர். ஓ வகை இரத்தம் ஏற்றினால் உயிர்க்கே கேடு. ஆயினும் எவரும் கொள்ளுப் பையொடு மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிட வேண்டா. அது நீலக்குப்பிக்கு ஈடாகாது. உட்பிரிவறிய மட்டுமே உதவும். அதனைச் செய்து தரம் பார்த்தல் பயின்றார்க்கே உரிய தொழில்.

நோயறியும் சோதனைகளிற் பெரும்பாலானவற்றில் இத்தகைய கைவேலைக்கு இடமில்லை. உரிமம் பெற்ற கிட் ஒன்றே வழி. இங்கேதான் மாற்று வியாபாரி வேண்டும். அவரைத் தேடுதலில் இரண்டு இடர்கள் உள. முதலாவது, விலைப்பட்டியை மட்டும் நோக்குதல். பெட்டியின் விலை குறைவாயிருக்கும். காலாவதி நாளோ மூன்று மாதத்தில் வந்துவிடும். அரைப் பெட்டி குப்பைக்குப் போகும். ஆகவே பெட்டிக்கு என்ன விலை என்று கேளாது, முடிவு சொல்லிய சோதனை ஒன்றுக்கு என்ன விலை என்று கணக்கிடல் வேண்டும். புதுச்சரக்கு வந்தால் பழையதையும் புதியதையும் ஒரே மாதிரிகளில் சேர வைத்துப் பார்த்த பின்னரே மாறவேண்டும். நொய்டாவிலுள்ள தேசிய உயிரியற்பொருள் நிறுவனம் இத்தகைய கிட்களைச் சோதித்துச் சொல்கின்றது; அச்சான்றைக் கேட்டுப் பெறுதல் நன்று.

இரண்டாவது இடர் நம்மவர்க்கு எளிதில் விளங்கும். இலவங்காய்க்கு முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே காயைப் போடவேண்டும். அவர் சொன்னதே விலை. பெரிய சோதனை இயந்திரத்தை இனாமாக வைத்துச் செல்லும் கம்பெனியும் அவ்வாறே. இயந்திரம் இனாம், அதற்குப் பொருந்தும் மருந்து அவரிடம் அன்றி வேறெங்கும் கிடையாது. ஓரிரு ஆண்டு கழித்து விலையை ஏற்றினால் விடுபட வழியில்லை. எவர் மருந்தையும் ஏற்கும் இயந்திரம் சற்று மெதுவாயினும் அதுவே நலம் என்பது என் கருத்து.

கூடி வாங்குதலின் வலிமைக்கு நம் மாநிலமே சான்று. 1994இல் தோன்றிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலத்து அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் சேர்த்து ஒப்பந்தப்புள்ளி கேட்டு மருந்து வாங்குகின்றது. வந்த சரக்கின் மாதிரியைச் செய்தவர் பெயர் தெரியாதபடி மறைத்து ஆய்வகத்திற்கு அனுப்புகின்றது. மருத்துவமனைகள் கணக்குப் புத்தகத்தைக் காட்டிக் கிடங்கிற் பெறுகின்றன. பிற மாநிலங்கள் இதனைப் பார்த்துக் கற்றன. அறக்கட்டளை வங்கிகள் நாலைந்து சேர்ந்து, இருவரிடம், முக்காற்பங்கு ஒருவர்க்கும் காற்பங்கு மற்றவர்க்குமாக வாங்கினால், ஒருவர் நிறுத்தினும் மற்றவர் கைகொடுப்பார்.

இனி நம் நிதி. நாமே கிட் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தல் கூடாதென்பதே என் முடிவு. குளிர்காத்து யார் கொண்டு செல்வது? தம் ஒப்புநோக்கலிற் படாத சரக்கை அவர்கள் ஏன் ஏற்கவேண்டும்? புகைப்படம் எடுத்துக்கொள்ள அது நன்று. வேறு பயன் காணேன். அதனினும் பெரிய உதவி நம் கையில் இருக்கின்றது. ஆண்டுவிழா நாளில் நூறு பேர் ஒருசேரக் கொடுக்கின்றோம். எடுத்த சிவப்பணு 35 நாள், மிகுந்தால் 42 நாளே நிற்கும். அதற்குள் செலவாகாத பை அழிக்கப்படுகின்றது. அதற்குச் செய்த ஐந்து சோதனையும் உடன் அழிகின்றன. ஆடவர் 90 நாளைக்கு ஒருமுறையும் பெண்டிர் 120 நாளைக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ஆகவே நூற்றுவரை நான்கு கூட்டமாகப் பிரித்து, வங்கியார் கேட்கும் மாதத்தில், கேட்கும் வகையாரை அனுப்புவோம். திரும்பத் திரும்பக் கொடுப்போர் முன்னரே சோதிக்கப்பட்டவராதலின் அவர் பைகளிற் கழிவு குறைவு. நிதியை வண்டி வாடகைக்கும், மின்சாரம் நின்றாற் காக்கும் குளிர்ப்பெட்டி ஒன்றை வங்கியார் இசைந்தால் வாங்கித் தருதற்கும் செலவிடலாம். எஞ்சியது இருந்தால் முகப்பைப் பற்றிப் பேசுவோம்.

பெரியவர் ஒருவர் சென்ற கூட்டத்தில், நாம் கொடுப்பது நம்மவர்க்கே போய்ச்சேரும்படி ஏற்பாடு உண்டா என்று கேட்டார். பையின்மேல் எண்ணும் வகையும் நாளும் எழுதுவர், ஐயா. கொடுத்தவர் பெயரை எழுதும் வழக்கமில்லை. என் தமக்கை மகளுக்கு விடியற்காலையில் வந்த பை எவர் கொடுத்ததென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பெயர் கொடுக்க விழைவோர் இக்கூட்ட முடிவில் பொருளாளரிடம் பெயர், வயது, முன்னர்க் கொடுத்த நாள் ஆகியவற்றை எழுதித் தருக. மஞ்சட்காமாலை கண்டவர்கள் கூச்சமின்றி அதனையும் குறிக்க. முதற்கூட்டத்தார்க்கு வண்டி கடமலைக்குண்டு கடைத்தெருவிலிருந்து காலை ஏழு மணிக்குப் புறப்படும். வெறும் வயிற்றோடு எவரும் வரவேண்டா.