நுண்ணுயிரின் மரபணு யாருடைய சொத்து?

(நெருளில் தமிழ்த் தோழர்கள் நடத்திய அறிவியல் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



மழைக்காலம் வந்துவிட்டால் நெருளாயினும் தாராவியாயினும் செம்பூராயினும் நம் பேச்சில் டெங்குவும் மலேரியாவும் வந்துவிடும். தேங்கிய நீரில் கொசுப்புழுவைக் கொல்லத் தெளிக்கப்படும் மருந்துகளுள் ஒன்று, உண்மையில் ஒரு பாக்டீரியா. 'பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்', சுருக்கமாக பி.டி. என்பது அதன் பெயர். அதன் இன்னொரு வகையிலிருந்து எடுக்கப்பட்ட மரபணுதான் விதர்பாவின் பருத்திச் செடிக்குள் இருக்கிறது. ஒரே உயிரினத்தின் மரபணுக்கள் இரண்டு இடங்களில் இரண்டு வெவ்வேறு கதைகளாக முடிந்தது ஏன் என்பதே இன்று நாம் பேச வேண்டியது.

இந்தப் பாக்டீரியாவை 1901-இல் ஜப்பானிய அறிஞர் இஷிவாதா, நோயுற்ற பட்டுப்புழுவில் கண்டார். சில ஆண்டுகளுக்குப் பின் ஜெர்மனியின் பெர்லினர் இதை மாவு அந்துப்பூச்சியில் கண்டு, துரிங்கியா மாநிலத்தின் பெயரைச் சூட்டினார். மண்ணில் இயல்பாக வாழும் உயிர் இது. வித்தாக மாறும் பருவத்தில் தன்னுள் ஒரு புரதப் படிகத்தை உருவாக்குகிறது. புழு அதைத் தின்றதும், அதன் குடலிலுள்ள காரத்தன்மையில் படிகம் கரைகிறது. குடலின் நொதிகள் அப்புரதத்தை வெட்டி நஞ்சாக்குகின்றன. அந்நஞ்சு குடற்சுவரின் ஏற்பிகளில் ஒட்டித் துளையிடுகிறது. புழு தின்பதை நிறுத்தி மடிகிறது. மனித வயிறு அமிலத்தன்மை கொண்டது. அந்த ஏற்பிகளும் நமக்கு இல்லை. ஆகவே நமக்கு அது நஞ்சாவதில்லை.

1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்துக் குட்டையொன்றில் கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி. வகை கண்டறியப்பட்டது. அது ஒரு நஞ்சை மட்டும் நம்பியிருப்பதில்லை. நான்கு முதன்மை நஞ்சுகளைச் சேர்த்தே ஏவுகிறது. ஒன்றுக்குத் தப்பும் புழு மற்றொன்றுக்கு இரையாகிறது. அதனால்தான் பல்லாண்டுகள் பயன்படுத்திய பிறகும் கொசுக்கள் அதனை எளிதில் வெல்ல முடியவில்லை. நம் புதுச்சேரியிலுள்ள கொசு முதலிய நோய்ப்பரப்பிகளின் ஆராய்ச்சி மையம், அரசு நிறுவனம், பி-17 என்னும் இவ்வகைப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து உற்பத்தித் தொழில்நுட்பத்தையும் உருவாக்கியது. ஒப்பிட்டுப் பாருங்கள்: ஒரே நஞ்சை நம்பிய 'பேசில்லஸ் ஸ்ஃபேரிகஸ்' என்னும் வேறொரு பாக்டீரியாவுக்குக் கொச்சியின் கொசுக்களிடம் கடும் எதிர்ப்புத்திறன் தோன்றிவிட்டதை 1995-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர்.

கொச்சி சொன்ன பாடம் பருத்தி வயலுக்கு எட்டவில்லை. 2002 மார்ச்சில் மான்சாண்டோ–மஹிகோ நிறுவனங்களின் பி.டி. பருத்திக்கு ஒன்றிய அரசு அனுமதி அளித்தது. அதில் இருந்தது ஒரேயொரு நஞ்சு மரபணு. 2006-இல் இரண்டாவது மரபணுவைச் சேர்த்த விதை வந்தது. 2010-இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் நஞ்சை வென்றுவிட்டதாக அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டாவது நஞ்சும் அப்புழுவிடம் தோற்றது.

பழி விவசாயி மீது போடப்பட்டது. வயலின் ஐந்தில் ஒரு பங்கில் பி.டி. அல்லாத பருத்தியை அவர் புகலிடமாக நடவில்லையாம்! இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர், கடன் வாங்கி விதைத்த நிலத்தில் ஐந்தில் ஒன்றைப் புழுவுக்கு எப்படி விட்டுக்கொடுப்பார்?

உண்மைக் காரணம் ஆழமானது. உலகின் பிற நாடுகள் பெரும்பாலும் இரக விதைகளில் இம்மரபணுவைப் புகுத்தின. இந்தியாவிலோ ஏறத்தாழ முழுப் பரப்பும் கலப்பின விதை. கலப்பின விதையை விவசாயி சேமித்து வைத்து மறுபடி விதைக்க முடியாது. ஆண்டுதோறும் கடைக்குப் போக வேண்டும். நிறுவனத்துக்கு அது இலாபம். ஆனால் கலப்பினச் செடியின் காய்க்குள் உருவாகும் விதைகள் அனைத்திலும் நஞ்சு இருப்பதில்லை. விதையைத் தின்னும் காய்ப்புழுவுக்கு நஞ்சுள்ளதும் இல்லாததும் கலந்து கிடைக்கிறது; எதிர்ப்புத்திறன் வளர இதைவிட ஏற்ற பயிற்சிக்கூடம் வேறில்லை. இலாப முறையே தொழில்நுட்பத்தின் ஆயுளைக் குறைத்தது.

450 கிராம் விதைப் பொட்டலத்தில் ஒரு கட்டத்தில் ரூ.1,250 மரபணுவுக்கான கட்டணமாகவே போயிற்று. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'டிரெயிட் வேல்யூ'. நேரே மொழிபெயர்த்தால் 'பண்பின் மதிப்பு'. பண்பு என்னும் சொல்லை இந்தக் கொள்ளைக்குச் சூட்ட என் பேனா மறுத்தது. 'மரபணு வாடகை' என்றே எழுதினேன். 2006-இல் ஆந்திர அரசு வழக்காடிய பின்னரே விலை குறைந்தது. 2015-இல் விலைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 2020-இல் அக்கட்டணம் முற்றிலும் நீக்கப்பட்டது. போராட்டமும் அரசுத் தலையீடும் இல்லாமல் சந்தை தானாக இறங்கி வரவில்லை.

பொதுத்துறையின் தோல்வியையும் நாம் மறைக்கக் கூடாது. விவசாயி சேமித்து விதைக்கக்கூடிய 'பிக்கானேரி நர்மா' பி.டி. இரகத்தை நாக்பூர் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனமும் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகமும் கொண்டுவந்தன. அதில் மான்சாண்டோவின் மரபணுவே இருப்பது தெரியவந்து, விதை திரும்பப் பெறப்பட்டது. நாடு ஏற்ற அவமானம் அது. பொதுத்துறை என்னும் பெயர் மட்டும் போதாது. நிதியும் நேர்மையும் வெளிப்படைத்தன்மையும் வேண்டும்.

இதற்கெல்லாம் விலை கொடுத்தவர் யார்? 2017-இல் நம் மாநிலத்தின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்குப் பூச்சிமருந்து தெளித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் இருபதுக்கும் மேற்பட்டோர் நஞ்சேறி மாண்டனர். பூச்சிமருந்தைக் குறைப்பதாக வாக்களித்து வந்த விதை விளைந்த வயல்கள் அவை.

ஆகவே தோழர்களே, மரபணுத் தொழில்நுட்பம் வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. அது யார் கையில், யாருடைய கண்காணிப்பில், யாருக்காக என்பதே மீதிக் கேள்வி. பொதுத்துறை விதை ஆராய்ச்சிக்குப் போதிய நிதி, சேமித்து விதைக்கக்கூடிய இரகங்கள், விதை பொய்த்தால் நிறுவனமே இழப்பீடு தரும் சட்டம், வயலில் மருந்து தெளிப்பவருக்கும் நகரில் கொசுமருந்து தெளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பாதுகாப்புக் கருவிகளும் பணி உரிமையும்: இவற்றை நாம் கோர வேண்டும். மண்ணில் நெடுங்காலமாக வாழ்ந்த உயிரின் ஆற்றல், அந்த மண்ணில் உழைப்பவருக்குப் பயன்பட வேண்டும். அதற்கான போராட்டத்தில் நகரத் தொழிலாளியும் விவசாயியோடு நிற்பார்.