மருந்து வீடு தேடி வந்தாச்சு, பாதியில விட்டுடாதீங்க!

திருவண்ணாமலையில நடந்த ஐ.டி. விங் கூட்டத்துல நான் பேசினது, வர முடியாதவங்களுக்காக இங்கே.

நான் டாக்டர் இல்லை, இன்ஜினியரிங் படிச்சவன். ஆனா இது நாம எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம்.

நம்ம தாத்தா காலத்துல காசநோய் வந்தா, குடும்பத்தை விட்டுட்டு மாசக்கணக்குல சானடோரியத்துல கிடக்கணும். தாம்பரம் பக்கத்துல ஒரு ரயில்வே ஸ்டேஷனுக்கே அந்தப் பேர்தான். அங்கே இடம் கிடைக்காத ஏழை என்ன பண்ணுவான்?

1956-ல் சென்னையில் காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கினாங்க. 193 நோயாளிகளை ரெண்டு பிரிவாப் பிரிச்சாங்க. ஒரு பிரிவுக்கு சானடோரியம், ஓய்வு, நல்ல சாப்பாடு. இன்னொரு பிரிவு, நெரிசலான சொந்த வீட்டிலேயே. ரெண்டு பிரிவுக்கும் அதே மாத்திரைகள், ஒரு வருஷம். 1959-ல் முடிவு வந்துச்சு: குணமானதுல பெரிய வித்தியாசமே இல்லை! வீட்டுல இருந்தவங்களுக்குக் கூடுதலா தொற்றவும் இல்லை. ஏழை வீட்டிலேயே நோயைக் குணப்படுத்தலாம்னு உலகத்துக்குச் சொன்னது நம்ம சென்னை.

அப்புறம் புது மருந்துகள் வந்து, ஒரு வருஷம் 6 மாசமாச்சு. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு 20 மாசம் வரை சிகிச்சை இருந்துச்சு. 2024-ல் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதிச்ச நாலு மருந்துக் கூட்டு, அதையும் 6 மாசமாக் குறைச்சிருக்கு.

இவ்வளவு இருந்தும் என் ஃப்ரெண்டு ஒருத்தன் ரெண்டாவது மாசமே மாத்திரையை நிறுத்திட்டான். இருமல் நின்னுடுச்சாம். ரூம்ல தெரிஞ்சா ஒதுக்கிடுவாங்கன்னு பயம் வேற. நோய் திரும்பி வந்தப்போ, பழைய மருந்து வேலை செய்யலை.

கிரிவலம் 14 கிலோமீட்டர். நாலு கிலோமீட்டர்ல கால் வலி போயிடுச்சேன்னு வீட்டுக்குத் திரும்பினா, சுத்து முடிஞ்சதா? மாத்திரையும் அப்படித்தான்.

தோழர்களே, ஒரே ஒரு வேலை. உங்க தெருவுல ரெண்டு வாரத்துக்கு மேல இருமுறவங்களை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சையில இருக்கிறவங்களுக்கு சத்துணவுக்காக மாசம் 1,000 ரூபாய் அவங்க பேங்க் கணக்குக்கே வரும், வாங்கிக் கொடுங்க. முக்கியமா, அவங்க பக்கத்துல உட்கார்ந்து ஒரு டீ குடிங்க.

மருந்து கண்டுபிடிக்க விஞ்ஞானி வேணும். கடைசி மாத்திரை வரைக்கும் கூட நடக்க நாம போதும்.