அச்சைத் தாங்கும் எண்ணெய்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மைசூரில் வாழும் நமக்குச் சிவசமுத்திரம் புதிய ஊர் அன்று. 1902 ஆம் ஆண்டில் அங்கே காவிரி வீழ்ச்சியிற் பிறந்த மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலை அடைந்தது. அத்திட்டத்திற்கு வித்திட்டவர் பாலக்காட்டிற் பிறந்த திவான் சேஷாத்திரி ஐயர். அருவியைப் புகழ்கிறோம், திவானைப் போற்றுகிறோம், அங்கே சுழலும் அச்சைத் தாங்கி நிற்கும் பேரிங்கை நாம் நினைப்பதில்லை. இன்று அதனைப் பற்றிச் சில சொற்கள்.

சுழலும் பொருளின் எடை எப்பக்கமும் ஒத்திராவிடின் அதிர்வு எழும். அச்சின் நடுவிலிருந்து 10 சென்டிமீட்டர் தொலைவில் 10 கிராம் மிகுந்திருப்பதாகக் கொள்வோம். நிமிடத்திற்கு 3,000 சுற்றில் அது 10 கிலோ எடைக்கு நிகராக அச்சை இழுக்கும். வேகம் இரு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். எடையை முதலில் சமன் செய்தல் வேண்டும்; எஞ்சிய அதிர்வைப் பேரிங்கு அடக்குதல் வேண்டும்.

அஃது எங்ஙனம்? 1883 இல் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்பார், இரயில் அச்சுக்குரியது போன்ற பேரிங்கு ஒன்றைச் சோதித்தார். அதன் உச்சியிலிருந்த துளையை அடைத்து வைத்த கட்டையை, அச்சு சுழன்றதும் எண்ணெயே வெளியே தள்ளிற்று! உலோகத்தை உலோகம் தொடாது, இடையிலுள்ள எண்ணெய்ப் படலமே பாரத்தைச் சுமக்கிறது என்பது புலனாயிற்று. 1886 இல் ஆஸ்பர்ன் ரேனால்ட்ஸ் இதற்குக் கணக்கு வகுத்தார். அப்படலமே அதிர்வையும் விழுங்குகிறது.

படலத்திற்கு இடம் வேண்டும். இடைவெளி குறைந்தால் சூடேறும்; மிகுந்தால் அச்சு ஆடும். 100 மில்லிமீட்டர் அச்சுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் விடுவது வழக்கம். மிகு வேகத்தில் எண்ணெயே அச்சை அலைக்கழிப்பதும் உண்டு. அதனைத் தடுக்கப் பேரிங்கைப் பல துண்டுகளாக்கி, ஒவ்வொன்றும் தானே சாய்ந்து கொடுக்குமாறு அமைக்கின்றனர். இன்றைய இரயில் பெட்டிகளில் உருளைப் பேரிங்குகள் உள்ளன. அவற்றிற்கும் மசகே உயிர்.

இரயில்வேயில் பேரேடு எழுதும் நம் போன்றோர் கையில் எண்ணெய் படுவதில்லை. எனினும், பேரிங்கு கொதித்து அச்சு முறிந்தால் வண்டி தடம் புரளும். புதிய பேரிங்கு கோரும் தாள் நம் மேசையில் ஒரு வாரம் உறங்கினால், நமக்கு அது தாள். பயணம் செய்வோர்க்கோ உயிர். அதனை அன்றே அனுப்புவது நம் கடமை.