மலையிறங்கிய பயணியும் வராத விமானமும்

கொடைக்கானலில் வாழ்பவனுக்கு மூடுபனியோடு வழக்காடும் எண்ணம் எழுவதில்லை. 2007 டிசம்பரில், டில்லி மூடுபனியால் ஐதராபாத் விமானத்துள் நெடுநேரம் அமர்ந்திருந்த பயணி ஒருவர் வழக்குத் தொடுத்தார். பனியால் நேர்ந்த தாமதத்திற்கு நிறுவனம் ஈடு தர வேண்டுவதில்லை. ஆயினும் காத்திருப்போரைப் பேணும் கடமை நீங்காது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. நியாயமே.

என் திறத்தில் பனி இல்லை. தமக்கையாரின் நிலை கவலைக்கிடம் என்றறிந்து மலையிறங்கி, வத்தலக்குண்டு வழியே மதுரை சேர்ந்தேன். சென்னை விமானம் ரத்து. ஓட்ட விமானி இல்லையாம். இரவுப் பேருந்தில் போய்ச் சேர்ந்தபோது தமக்கையார் கண்மூடியிருந்தார். அதற்கு ஈடு எவரும் தர இயலாது. நான் கேட்டதும் அதையன்று.

கட்டணம் திரும்பி வந்தது. முன்னறிவிப்பின்றி ரத்தானால், ஒரு மணிக்கு மேல் இரண்டு மணி வரையுள்ள பயணத்திற்கு 7,500 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றுள் குறைந்ததைக் கூடுதலாகத் தரவேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. கேட்டேன். தக்க தொடர்பு விவரம் தராதவர்க்கு ஈடில்லை என்னும் விதியைக் காட்டினர். சீட்டில், பதிவு செய்து தந்த கடைக்காரர் தம் எண்ணையே குறித்திருந்தார்! 35 ஆண்டுகள் மாணவர் பதிவெண்களைச் சரிபார்த்தவன், என் சீட்டைப் பார்க்கவில்லை.

அவ்வெண்ணுக்கும் செய்தி வரவில்லை என்று கடைக்காரர் எழுதித் தந்துள்ளார். அதை இணைத்து மீண்டும் விண்ணப்பித்துள்ளேன். மறுத்தால், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வசிக்கும் மாவட்டத்திலேயே, இரண்டாண்டுக்குள், நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். திண்டுக்கல்லுக்குப் பேருந்து உண்டு.