மீன் குஞ்சு எங்கே குடியேறும்?

(ஜெகதளாவில் நடந்த முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் பேசியது)



தேயிலைத் தோட்டத்து நடுவே நின்று கடலைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள். வெளியே நிற்கும் சில்வர் ஓக் விதைக்குச் சிறகு உண்டு. காற்று போட்ட இடத்தில் முளைக்கும். பவளப்பாறை மீன்களின் குஞ்சும் அப்படித்தான் என்று வெகுகாலம் நினைத்தார்கள்.

நம்ம மன்னார் வளைகுடாவையே எடுத்துக்கொள்வோம். இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள், சுற்றிலும் பவளப்பாறை. களவா போன்ற மீன்கள் முட்டையைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். பொரித்த குஞ்சு நீரோட்டத்தோடு போகும். கோமாளி மீன் குஞ்சுக்கு இந்தப் பயணம் பத்துப் பன்னிரண்டு நாள். களவாவுக்கு ஒரு மாதத்துக்கும் மேல். பிறகு பாறை கிடைக்காவிட்டால் கதை முடிந்தது. நீரோட்டமும் ஒரே திசையில் ஓடாது. இங்கே ஆடியில் கூரையைப் பிய்க்கிறதே தென்மேற்குக் காற்று, அந்தக் காலத்தில் இலங்கைக்குத் தெற்கே தண்ணீர் கிழக்கே ஓடும். வாடைக் காலத்தில் மேற்கே திரும்பும்.

அப்படியானால் குஞ்சு பிறந்த இடத்துக்குத் திரும்பாது, இல்லையா? ஆஸ்திரேலியாவில் லிசர்ட் தீவில் சோதித்துப் பார்த்தார்கள்; 1999-இல் முடிவு வெளியானது. மீனின் காதுக்குள் செவிக்கல் என்று ஒன்று உண்டு. மருந்து கலந்த நீரில் வைத்தால் அதில் அடையாளம் நின்றுவிடும். ஒரு கோடி முட்டைக்கு மேல் இப்படிக் குறியிட்டு, பின்னால் 5,000 குஞ்சுகளைப் பிடித்துப் பார்த்தால் 15-இல் குறி! பதினைந்துதானா என்று சிரிக்காதீர்கள். குறியிட்டது மொத்த முட்டையில் அரை முதல் இரண்டு சதவீதம்தான். வகுத்துப் பாருங்கள்: 15 முதல் 60 சதவீதம் வரை சொந்தப் பாறைக்கே திரும்பியிருக்கலாம்.

எப்படி? தீவின் மறைவில் சுழலும் தண்ணீர் பிடித்து வைக்கும். ஒரு சென்டிமீட்டர் வளர்ந்ததுமே குஞ்சு தானே நீந்தும். பாறையின் வாசனையை அறியும். இறால்கள் சொடுக்கும் சத்தத்தைக் கேட்டுத் திரும்பும்.

இதில்தான் நமக்கு வேலை. சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி, விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்று இரண்டு தீவுகள் முழுகியே போயின. பக்கத்துத் தீவிலிருந்து மீன் வந்துவிடும் என்று இனி யாரும் சமாதானம் சொல்ல முடியாது. வான் தீவைக் காக்க 2015-16-இல் கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். இப்படி இறக்கும்போது சிமென்ட் பலத்தை மட்டும் பார்த்தால் போதுமா? எந்தப் பருவத்தில் எந்தப் பக்கமிருந்து நீர் வருகிறது, எந்த உயிர்ப்பாறை அருகில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அந்த நீரோட்டத்தைக் கணக்கிடுவது, தம்பிகளே, நீங்கள் பரீட்சைக்கு உருப்போடும் அதே நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டை வைத்துத்தான். நான் அந்தப் பேப்பரை இரண்டாம் தடவைதான் பாஸ் செய்தேன்.